தலைக்கு ஊற்றிய தண்ணீர்

காயல்பட்டினத்தில் கல்யாணமான ஆண் இரவு தங்குவது பெண்டாட்டி வீட்டில்தான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பொழுது சாய்ந்ததும் அங்கே வந்துவிட வேண்டும். அதனால் உமர் பாரூக் எட்டு மாதமாக அஸ்ஃபியாவின் வாசலை மிதிக்காதது தெருவுக்கே தெரிந்துபோனது. ஊர் வாயை மூட முடியுமா? அவர் வேலை பார்த்த துபாயில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

பாவி மனுஷனுக்கு எவளும் இல்லை. திருநெல்வேலியில் வயிற்றைத் திறந்து மலக்குடலில் இருந்த புற்றுக்கட்டியை எடுத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் அதன்பிறகு விறைப்பு என்பதே இல்லாமல் போனது. நரம்பில் பட்டிருக்கும், ஒன்றிரண்டு வருஷத்தில் சரியானாலும் ஆகலாம், ஆகாமலும் போகலாம், மருந்து இருக்கிறது, அடுத்த முறை மனைவியையும் கூட்டி வாருங்கள் என்று டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்து உம்மா வீட்டு மாடியில் முடங்கிக்கொண்டார். புண் ஆறட்டும் என்பது சாக்கு. நாற்பத்து நாலு வயதில் இதைப் பெண்டாட்டியிடம் எந்த வாயால் சொல்வது?

கடைசியில் மச்சினன் இர்ஷாத் வந்து, வைத்து வாழுங்கள், இல்லையென்றால் ஜமாஅத்தில் தலாக் சொல்லி விட்டுவிடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். விட்டுவிடலாம், அவளாவது நன்றாக இருக்கட்டும் என்றுதான் அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அவள் வீட்டுக்குப் போனார்.

அஸ்ஃபியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆஸ்பத்திரியில உங்க வயித்துல மாட்டியிருந்த அந்த மலப்பைய மாத்தும்போது நான் மூக்கைப் பொத்துனேன். அதுக்குத்தானே மச்சான் என்னைய விட்டுட்டுப் போனிய?"

எட்டு மாதமாக இதையே நினைத்துக் குமைந்திருக்கிறாள்.

"உன் மேல ஒரு குத்தமும் இல்ல புள்ள. நான்தான் இப்போ ஆம்பளையா இல்ல."

எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து, அவருடைய பழைய தலையணைக்கு உறை மாட்டினாள்.

"மஃரிப் தொழுதுட்டு இங்கன வந்துருங்க. அடுத்த வாட்டி டாக்டர்ட்ட நானும் வாரேன். வேற ஒருத்தருக்கும் இது தெரியாண்டாம்."

பொழுது சாய்ந்ததும் அவர் வந்தார். மாமியார் ஹமீது பீவி ஆட்டுக்கால் சூப்பு வைத்துத் தந்தார். கொழுந்தியாள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அறைக்குள் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். அவள் அவர் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்னால் விழிப்புத் தட்டியபோது பக்கத்தில் அவள் இல்லை. குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். புருஷனோடு கூடியவள் தலையோடு குளித்துவிட்டுத்தான் தொழ வேண்டும், அது கடமை. விடிந்ததும் யார் தலை ஈரமாக இருக்கிறது என்று வீட்டுப் பெண்கள் பார்க்காததுபோல் பார்ப்பார்கள். அஸ்ஃபியாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஆகாது; மண்டையில் நீர் கோத்துக்கொண்டு மூன்று நாள் எழுந்திருக்க மாட்டாள். அவள்தான் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் அடுக்களையில் மாமியார், "அல்ஹம்துலில்லாஹ், தலையை நல்லாத் தொவட்டு மவளே" என்றது கேட்டது. அஸ்ஃபியா தும்மினாள். உமர் பாரூக் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாளும் அதே நேரத்துக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.