ஒரு வரி குறைந்த ஜெபம்

1

ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்து பார்த்ததால் கிடைத்த கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம்.

ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்வரிசையில் என் தம்பியும் அவன் மனைவியும். இருவருக்கும் நடுவில் நாற்காலிமேல் ஏறி நின்றபடி அவர்கள் வீட்டுக் குழந்தை பட்டாணி. கண்ணை மூடி நிற்கிறவர்களை வேடிக்கை பார்ப்பது எழுதுகிறவர்களுக்கு உள்ள கெட்ட பழக்கம். தம்பி மனைவியின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. ஆண்டவரின் சித்தம் பூமியில் நடக்கட்டும் என்று கேட்கிற வரி வந்ததும் மூடிக்கொண்டன. அடுத்த வரிக்குத் திறந்தன.

எச்சில் விழுங்கியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். மறு ஞாயிறும் பார்த்தேன். அதற்கு அடுத்த ஞாயிறும். அதே இடம். எச்சில் அவ்வளவு ஒழுங்காக வராது.

அந்த மூடிய வாய் மட்டும்தான் அப்போது என்னிடம் இருந்தது. மீதியைக் கற்பனை செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். என் கற்பனையின் லட்சணம் அடுத்த பகுதியில் தெரியும்.

2

முதல் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே மழை விடாமல்—"

(மழையே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. என் கதையில் யாராவது வருத்தப்பட்டால் உடனே மழை வந்துவிடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: "மடி நிறையாத ஏக்கம் அவளை—"

(இதை அவள் படித்தால் என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். சேர்க்காவிட்டாலும் நியாயம்தான்.)

மூன்றாம் தொடக்கம் கொஞ்சம் தேறும். அவள் பல் செட் செய்கிறவள். பல் மருத்துவமனைக்குப் பின்னால், ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருக்கும் ஓர் அறையில் வேலை. வாயின் அச்சு பாரிஸ் சாந்தில் வார்த்த கட்டியாக வந்து சேரும். அதன்மேல் மெழுகை உருக்கி ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். கடைசியில் சுழலும் சாணைக்கல்லில் தேய்த்து வழுவழுப்பாக்கும்போது புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். வருகிறவர்கள் எல்லாருக்கும் பளீரென்ற பல் வேண்டும். "உங்க முகத்துக்கு இந்த நிறம் எடுபடாதுன்னு சொல்லிப் பாப்பேன்க்கா. கேட்டாத்தானே" என்பாள். இந்த இடத்தில் மனிதனின் விருப்பம், படைத்தவரின் விருப்பம் என்று ஓர் உவமை செய்ய எனக்குக் கை துறுதுறுத்தது. பாஸ்டர் பிழைப்பில் மண் போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணி அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. பெற்றவள் நீண்ட சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. குழந்தைகள் நல அலுவலகம், அவள் குணமாகும் வரை வளர்த்துத் தாருங்கள் என்று பிள்ளையை இவர்களிடம் கொடுத்தது. வந்தபோது அவளுக்கு நடை பழகவில்லை. உருண்டு உருண்டு போவதைப் பார்த்து என் தம்பி வைத்த பெயர்தான் பட்டாணி. இப்போது அவளுக்கு நான்கு வயது. என் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று அவளைத்தான் கேட்கிறேன்.

பெற்றவள் குணமாகிவிட்டாள். பிள்ளையைக் கேட்கிறாள்.

வளர்த்தவர்கள் ஆட்சேபம் சொன்னால் விசாரணை என்று இழுக்கும். இழுத்தால், பழகிய வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் பெரும்பாலும் முடியும். இதை அந்த அலுவலகத்து அம்மாவே காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார். ஆக, தம்பி மனைவி ஒரு வார்த்தை சொன்னால் பட்டாணி இங்கேயே இருப்பாள். அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டுதான் அவள் அந்த வரியில் வாயை மூடுகிறாள்.

3

ஒருநாள் சமையலறையில் நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவள் பட்டாணியின் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு வரியை ஏன் விட்டுடுற?"

"கண்ண மூடிக்கிட்டுத்தானே நிக்கணும் நீங்க?"

"சரி, தப்புதான். சொல்லு."

டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்துக் கழுவினாள்.

"பொய் சொல்ல வரலக்கா. மன்னிக்கச் சொல்றது வருது. சாப்பாடு கேக்குறது நல்லாவே வருது. அந்த எடத்துல மட்டும், 'உங்க இஷ்டம்'னு நான் சொன்னா, அவர் அதையே பிடிச்சுக்கிட்டு 'சரி, கொடு'ன்னு கேட்டுட்டார்னா?"

"அவர் அப்படிக் கேட்பார்னு யார் சொன்னது?"

"கேக்க மாட்டார்னு யார் சொன்னது?"

ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுத்தவள் நான். ஒப்புக்கொடுத்தல் என்ற தலைப்பில் மட்டும் வண்டி வண்டியாகப் பேசியிருக்கிறேன். எதையும் ஒப்புக்கொடுக்க வேண்டிய அவசியம் வராதவர்களுக்கு அது சுலபமான தலைப்பு.

"முடியாதுன்னு சொல்லவும் பயம். சரின்னு சொல்லவும் மனசு வரல. அதான் மூடிக்கிறேன். அவர் ரொம்ப வேண்டியவர்க்கா எனக்கு. அவர்கிட்ட இப்படி ஒதுங்கி ஒதுங்கி நிக்கிறது எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா?" என்றாள். குழாய் திறந்தே இருந்தது. நான்தான் மூடினேன்.

* இந்த உரையாடலில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன். மோசமானது.

4

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் தருகிற பாத்திரம் என் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். எதைக் கேட்டாலும் "ஆண்டவர் பாத்துக்குவார்க்கா" என்பான். சின்ன வயதில் பரீட்சைக்கு முந்தின நாளும் இதைத்தான் சொன்னான். ஆண்டவர் பார்த்துக்கொள்ளவில்லை. கதைக்குள் இப்படி ஒருவன் இருந்தால் வாசகருக்கு எரிச்சல்தான் வரும்.

அதனால் அவனுக்கு ஓர் அழுகைக் காட்சி எழுதினேன். "லிஃப்ட் கூண்டுக்கு மேலே, இருட்டில், யாருக்கும் தெரியாமல் அவன்—" அடித்துவிட்டேன். அவன் அழுதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன். ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவன் கிரீஸ் படிந்த கையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் கடுப்பில் கேட்டேன்.

"உனக்கு அவ வேணாமாடா? எப்படிடா இவ்வளவு லேசா இருக்க?"

"யார் லேசா இருக்கா? தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கொண்டுபோகாதீங்க, கொண்டுபோகாதீங்கன்னு."

"அப்புறம் 'ஆண்டவர் பாத்துக்குவார்'னு சொல்றது?"

"அது கடைசியில சொல்றது. முதல்லயே சொன்னா ஜெபமே சீக்கிரம் முடிஞ்சிடும்ல?" நகத்துக்குள் இருந்த கறுப்பை நோண்டினான். "சிலுவைக்கு முந்தி அவரே தோட்டத்துல விழுந்து, முடிஞ்சா இது வேணாம்னுதான கேட்டார்? அத முதல்ல கேட்டுட்டுத்தான அப்புறம் உம்ம இஷ்டம்னார்? நீங்க எல்லாரும் பாதியில இருந்து பிரசங்கம் பண்றீங்க."

சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அவனை இந்தக் கதையில் வைத்துக்கொள்வதாக முடிவுசெய்தேன்.

5

பெற்றவள் பிள்ளையைப் பார்க்க வந்த நாள். நான் டீ போடப் போயிருந்தேன், அதாவது வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

அவளைக் கொஞ்சம் பிடிக்காதவளாக எழுத வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அது கதைக்கு வசதி. அலட்சியமாக, உதட்டுச்சாயத்தோடு, அடிக்கடி கைபேசியைப் பார்க்கிற ஒருத்தி. வந்தவளோ செருப்பை வாசலில் நேராக விட்டுவிட்டு, கையைக் கழுவ இடம் கேட்டாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். பட்டாணியைத் தொடவில்லை. தொடலாமா என்று தம்பி மனைவியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அந்தப் பார்வையோடு என் வசதி போயிற்று.

பிஸ்கட் வந்ததும் பட்டாணி கையைக் கூப்பினாள். விருந்தாளி முன்னால் தன் வித்தையைக் காட்ட வேண்டாமா? பரமண்டல ஜெபத்தை முழுசாகச் சொல்கிறேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். பெற்றவளும் கூடவே மெல்லச் சொன்னாள். இரண்டு குரலும் சேர்ந்து போயின. ஓரிடத்தில் முட்டிக்கொண்டன. பட்டாணி அடுத்ததாக ஆகாரம் கேட்கிற வரிக்குத் தாவிவிட்டாள். பெற்றவள் மட்டும் சித்தத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"குட்டிம்மா, நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சே."

"இல்லையே. எங்க வீட்ல இப்படித்தான்."

தம்பி மனைவி தன் டீக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் படுக்கவைக்கும்போது அவள்தான் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பாள். தான் சொல்ல முடியாததைப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்த நிமிடம் வரை அவளுக்கே தெரியாது. அவள் காது மடல் சிவந்துபோயிற்று.

பெற்றவள் பிஸ்கட்டை எடுத்துப் பட்டாணி கையில் கொடுத்தாள். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "ஆஸ்பத்திரியில நானும் ரொம்ப நாள் அதைச் சொல்லாமத்தான் இருந்தேன். இவள விட்டுட்டு வந்ததுக்கு அப்புறம் வாயே வரல" என்றாள்.

நான் எழுதியிருந்தால் இருவரையும் கட்டிப்பிடித்து அழவிட்டிருப்பேன். அவர்கள் டீ குடித்தார்கள். கிளம்பும்போது மட்டும் தம்பி மனைவி, "தூங்கும்போது இவளுக்கு காலு போர்வைக்கு வெளிய இருக்கணும். மூடினா அழுவா" என்றாள். பெற்றவள் தலையாட்டினாள்.

6

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: ஆட்சேபம் சொல்கிறாள். பட்டாணி தங்குகிறாள். இதைத்தான் ஒரே மூச்சில், சந்தோஷமாக எழுதினேன். ஆனால் எழுதி முடித்த பிறகும் வாசலில் அந்தச் செருப்பு நேராகவே கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டு: கொடுத்துவிடுகிறாள். அடுத்த வருடமே ஆண்டவர் அவளுக்குச் சொந்தமாக ஒரு குழந்தை தருகிறார். சபையில் சாட்சி சொல்ல ஏற்ற முடிவு. அவளிடம் படித்துக் காட்டினேன். "ஏன்க்கா, அவர் என்ன எக்ஸ்சேஞ்ச் கடையா வெச்சிருக்கார்? பழசக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிக்க?" என்றாள். அடித்துவிட்டேன்.

மூன்று: கடைசி நிமிடத்தில் பெற்றவளே, "நீங்களே வளருங்க" என்று விட்டுக்கொடுக்கிறாள். இதில் எல்லாருக்கும் நல்ல பெயர். விட்டுக்கொடுக்கிற வேலை மட்டும் வேறொருத்தி தலையில்.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மூன்றிலும் நான் தம்பி மனைவிக்காக எழுதவில்லை. எனக்காக எழுதியிருக்கிறேன். என்னை "அத்தே" என்று கூப்பிடுகிற ஒரே குரல் அது. பட்டாணி வேண்டும் எனக்கு. இரண்டாவதில்கூட, அவள் போன இடத்தில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிரப்பிவிடப் பார்த்திருக்கிறேன்.

தம்பி மனைவி சொல்வதற்கென்று ஒரு ஜெபமும் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அழகா இருக்குக்கா. ஆனா என்னோடது இவ்வளவு அழகா இல்ல. நேத்து ராத்திரி சொல்லிட்டேன். 'இவ வேணும். எனக்கு வேணும். இத மறைச்சுக்கிட்டு உங்ககிட்ட நிக்க முடியல. இதையும் சேர்த்து எடுத்துக்கங்க'ன்னு. அவ்வளவுதான் வந்துச்சு."

"அப்போ அந்த வரி?"

"பாதி வந்துச்சு."

எது வரைக்கும் பாதி என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்த ஒரே கேள்வி அதுதான்.

7

இன்று அலுவலகத்து அம்மா கூப்பிட்டுக் கேட்பதாகச் சொல்லியிருந்தார். காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். தம்பி வேலைக்குப் போகவில்லை. நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பட்டாணியை முன்னால் உட்காரவைத்துப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் பாதியில் இருக்கும்போது போன் அடித்தது.

முடியை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"சொல்லுங்கம்மா. ஆட்சேபம் ஏதாவது இருக்கா?"

பட்டாணி தலையைத் திருப்பப் பார்த்தாள். "ஆடாத" என்றாள் அவள். பிறகு போனில் பேச வாய் திறந்தாள்—

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், இரண்டடி தள்ளித்தான் இருந்தேன். ஆனால் எழுதினால் ஏதாவது ஒரு சொல்லில் என் கை போய்விடும். மூன்று முறை போயிருக்கிறது, பார்த்தீர்களே.

பட்டாணி இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். இது என் விருப்பம். இதை அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். முடிவை மட்டும் உங்களிடம் தருகிறேன். எனக்கு மனம் மாறுவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.