தூதர் மனைவியின் சிரிப்பு

வேதாசலம் எட்டு நாடுகளில் இந்தியத் தூதரகங்களில் வேலை பார்த்தவர். கடைசி இரண்டில் அவரே தூதர். ஆனால் திருப்புலிவனத்தில் யாரும் அவரை அப்படிச் சொல்வதில்லை. 'நாடகக்காரர் வூடு' என்றால்தான் வழி காட்டுவார்கள். உத்தியோகத்துக்கு நடுவே இருபத்திமூன்று சிரிப்பு நாடகங்கள் எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் முதலில் மனைவி கஸ்தூரிக்குத்தான் படித்துக் காட்டுவார். அவள் சிரித்த இடம் நிற்கும், சிரிக்காத இடம் குப்பைக்குப் போகும்.

அன்று இருபத்திநான்காவது. உத்திரமேரூர் நாடகக்குழுத் தினகரன் நாலு மணிக்கு வந்து வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தான். காலை நாஷ்டா முடிந்ததும் வேதாசலம் முதல் காட்சியைப் படித்தார். கஸ்தூரி ஐந்து இடத்தில் சிரித்தாள், ஐந்தும் சிரிக்க வேண்டிய இடம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா, மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். "கஸ்தூரி, கொஞ்சம் மோர் எடுத்தா" என்றார். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அவள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் அவளுடைய காது மிஷின் ஃபிரிட்ஜ் மேலிருந்த சின்னப் பெட்டிக்குள் கிடந்தது. முந்தாநாளே பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்கி வரச் சொன்னதை இவர்தான் மறந்திருந்தார்.

அப்படியானால் ஐந்து சிரிப்பு எங்கிருந்து வந்தது?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் மெடிக்கலுக்குப் போனார். எத்தனை சபையில் கைதட்டல் வாங்கியவராக இருந்தால் என்ன, அவர் எழுதியது இந்த ஒருத்தியை நம்பித்தானே. திரும்பி வந்து பேட்டரியைப் போட்டு, தன் கையாலேயே அவள் காதில் மாட்டிவிட்டார்.

"காது கேக்காம எப்புடி சிரிச்ச?"

குட்டு வெளிப்பட்டதும் கஸ்தூரி முந்தானையைச் சுருட்டினாள். "வெளிநாட்டுல விருந்துக்கு வர்றவங்க அவங்க பாஷையில ஜோக் சொல்லுவாங்க. நமக்கு இன்னா புரியும்? மூஞ்சியப் பார்த்துச் சிரிக்கக் கத்துக்கினேன். உங்களுக்கும் ஜோக்கு வர்றதுக்கு முன்னாடி இடது புருவம் ஏறும்."

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும். விருந்தில் சரி, அதைக் கட்டின புருஷனிடமுமா?

"பேட்டரி தீர்ந்து ரெண்டு நாளுதான். அதுக்கு முன்னாடி?"

"எல்லாம் காது குடுத்துத்தான் கேட்டேன். சிரிப்பு வந்துச்சான்னா..." அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க அவ்ளோ ஆசையாப் படிப்பீங்க. எப்புடி சிரிக்காம கீறது?"

கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம்! மனிதர் உட்கார்ந்துவிட்டார். பிறகு தாள்களை எடுத்தார். "மறுபடி படிக்கிறேன். தானா வந்தாத்தான் சிரிக்கணும்."

முதல் காட்சி முடிந்தது. சிரிப்பில்லை. இரண்டாம் காட்சியில், பனி கொட்டும் ஊரில் ஒரு தூதரின் மனைவி வாஷிங் மிஷினுக்கு அம்முலு என்று பெயர் வைத்து அதனோடு சண்டை போடுகிறாள். 'இன்னாடி அம்முலு, இன்னிக்கு ரொம்பத்தான் குதிக்கிற? ஒன் பேஜாரு தாங்க முடியல. போனாப் போவுது, நீயாவது வாயத் தொறந்து பேசறியே' என்கிறாள்.

வேதாசலம் நிமிர்ந்து பார்த்தார். கஸ்தூரியின் முகம் கல்லாகியிருந்தது.

"கிழிச்சிப் போட்டுடட்டுமா?"

"அது நான் பேசினது. உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

"எத்தினி நாளு?"

"நீ துணி போடற செவ்வாக்கெழம எல்லாம். மூணு வருசம். அன்னிக்கு மட்டும் மீட்டிங் வச்சிக்க மாட்டேன்."

"உள்ள வர்றதுக்கு இன்னா கேடு?"

"வந்தா நீ பேச்ச நிறுத்திடுவ. அந்த ஊர்ல நம்ம பேச்சக் கேக்கறதுக்கு எனக்கு மட்டும் வேற யாரு இருந்தாங்க?"

கஸ்தூரியின் கண் நிறைந்துவிட்டது. "எனக்குன்னு ஒருத்தரும் இல்லன்னுதான் அந்த மிஷினாண்ட பேசிக்கினு இருந்தேன்" என்றாள். அன்றே கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம் என்று அவருக்கு மனம் வலித்தது.

கஸ்தூரி மூக்கைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது. கோட்டும் டையும் போட்ட தூதர் ஒருத்தர், கக்கத்தில் ஃபைலோடு, பெண்டாட்டி துணி மிஷினைத் திட்டுவதை ஒளிந்து நின்று கேட்கிறார்! சிரிப்பு மூக்கால் பிய்த்துக்கொண்டு வந்தது. தொடையைத் தட்டிக்கொண்டு, இருமி, புரையேறி, கண்ணீர் வழியச் சிரித்தாள். விருந்துகளில் அவள் சிரிக்கும் மெல்லிய சிரிப்பல்ல. இப்படி ஒரு சத்தம் அவளிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. முதலில் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்கப் போனார்.

"கதவாண்ட நின்ன அந்தாள ஏன் நாடகத்துல சேக்காம வுட்டுட்டீங்க?" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "அவனத்தான் மொதல்ல எழுதணும்."

நாலு மணிக்குத் தினகரன் வந்து கேட்டைத் தட்டினான். உள்ளேயிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு, "முடிஞ்சிடுச்சா சார்?" என்றான்.

"நாளைக்கு வாப்பா" என்றார் வேதாசலம். "ஒரு ஆளு இன்னும் கதவாண்டயே நின்னுக்கினு கீறான். அவன உள்ள கூட்டிக்கினு வரணும்."