அவ கை பட்டா மட்டும் மின்னுது

பிரத்யுஷாவுக்குக் கைராசி என்று லட்சுமணசாமி சார் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவை மூடிப் பைக்குள் திணித்துவிட்டு, கழுவின ஸ்ப்ரே கன்னையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

கைராசியாம். கரைசல் நான் கலக்கியது. எடை போட்டது நான். அவள் செய்ததெல்லாம் கன்னைப் பிடித்து விசையை அழுத்தியது.

ஆவாரம்பாளையத்தில் சாருக்குக் கார் பெயின்ட் பட்டறை. இப்போது வருகிற கார்களில் முன்பக்க கிரில், சைடு கண்ணாடியின் மூடி, கதவுக் கைப்பிடி எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக். அதைப் பளபளவென்று ஆக்கித் தரச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். இரும்பு பம்பர் என்றால் தொட்டியில் முக்கிக் கரண்டு விட்டு குரோம் ஏற்றிவிடலாம். வெறும் பிளாஸ்டிக்கில் கரண்டு பாயாது. அதற்கு எங்கள் வழி வேறு. கறுப்பு பெயின்ட் அடித்துக் காயவிட்டு, இரண்டு மூக்கு வைத்த கன்னால் ஒரு மூக்கில் வெள்ளிக் கரைசலும் மற்றதில் அதை வெள்ளியாகப் படிய வைக்கிற கரைசலுமாக அடிக்க வேண்டும். இரண்டும் பிளாஸ்டிக் மேல் கலக்கிற இடத்தில் கண்ணெதிரே கண்ணாடி முளைக்கும். குரோம் என்று சொல்லி விற்கிறோம், இருப்பது வெள்ளி. ஒவ்வொரு கட்டத்துக்கு நடுவிலும் டிஸ்டில்ட் வாட்டரில் கழுவ வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற அதே தண்ணீர். கடைசியில் மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு.

இதைப் பட்டறைக்குள் கொண்டுவந்தவள் நான். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எங்கள் வீட்டில் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆள். அப்பா காரமடையில் டிப்பர் லாரி ஓட்டுகிறார், அம்மா மில்லுக்குப் போகிறார். "லின்சி, இது மட்டும் புடிச்சுக்கிச்சுன்னா பீளமேட்டுல தனி யூனிட்டு போட்டர்லாம். அதுக்கு ஒரு இன்சார்ஜ் வேணும்" என்று சார் சொல்லியிருந்தார். உன்னைத்தான் போடுவேன் என்று அவர் சொல்லவில்லை. வேறு யாரைப் போடுவார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

என் கையில் ஒரு நாள் கண்ணாடி வரும். மறுநாள் அதே கரைசலில் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போகும். வெளுத்த கைப்பிடிகள் மூலையில் மலையாகக் கிடந்தன. கரைசலை மாற்றினேன், அளவை மாற்றினேன், கறுப்பு பெயின்டை இன்னும் ஒரு நாள் காயவிட்டுப் பார்த்தேன். பெயின்டர் கரீம் அண்ணன், "பாப்பா, உனக்கும் வெள்ளிக்கும் ஆகல போல" என்பார்.

அப்போதுதான் பிரத்யுஷா வந்தாள். சாருடைய தம்பி மகள். பூனேயில் ஆட்டோமொபைல் டிசைன் படித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியும்வரை பெரியப்பா பட்டறைக்கு வந்துபோகலாம் என்று வந்தவள். அடுத்து என்ன என்று தெரியாமல் இருக்க எங்கள் வீட்டில் யாருக்கும் வசதி கிடையாது.

முதல் நாள் அவள் அடித்த சைடு மூடியில் என் முகம் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே.

"பாருங்க கரீம், நம்ம அம்மணி கை பட்டா மட்டும் எப்படி மின்னுது!" என்றார் சார்.

"கொஞ்சம் கன்னைத் தள்ளிப் புடிச்சேன், அவ்ளோதான் பெரியப்பா" என்றாள்.

கொஞ்சம் தள்ளிப் பிடித்தாளாம். நானும் தள்ளிப் பிடித்தேன். வெளுத்தது.

அதற்குப் பிறகு அவளைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. எப்போது கையுறை மாட்டுகிறாள், கன்னை எந்தக் கோணத்தில் சாய்க்கிறாள், முடியை எப்படி அள்ளிக் கட்டுகிறாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. டிஸ்டில்ட் வாட்டரைக்கூட வரும் வழியில் ஒரு பேட்டரிக் கடையில் அவளே வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு வருவாள். "அந்த ரேக்குல இருக்கற கேனெல்லாம் ஒரே தூசி லின்சி. தொடவே ஒரு மாதிரி இருக்கு." தூசி துடைக்கத் துணி என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை கோபிசெட்டிபாளையத்திலிருந்து சுந்தரராஜுலு வந்தார். கோபியிலும் ஈரோட்டிலும் கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருப்பவர். அவருக்குப் பிடித்துவிட்டால் மாதாமாதம் வேலை வரும், யூனிட் நிச்சயம். முந்தின நாளே சார் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு பிரத்யுஷா அடிக்கட்டும். நீ கரைசலை மட்டும் ரெடி பண்ணிக் குடுத்துரு" என்று சொல்லியிருந்தார். இன்சார்ஜ் யார் என்பதை இதற்குமேல் உடைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏனுங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று சார் ஜக்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். "நம்ம குழாய்ல வர்ற சிறுவாணிங்க. இதைக் குடிச்சவன் வேற தண்ணிய வாயில வெக்க மாட்டான்."

"அதென்னமோ நெசந்தானுங்க" என்று சுந்தரராஜுலு இரண்டு டம்ளர் குடித்தார்.

பிரத்யுஷா கொண்டுவந்திருந்த கேன் முந்தின நாளே ஏறக்குறைய தீர்ந்திருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு ரேக்கிலிருந்து ஒரு கேனை எடுத்தாள். கழுவினாள். அடித்தாள். வெள்ளி பரவியது. பரவிக்கொண்டிருக்கும்போதே கிரிலின் நடுவில் வெளுக்க ஆரம்பித்து, கடைசியாகக் கழுவினபோது மோர் தெளித்த மாதிரி ஆகிவிட்டது.

எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. கைராசி, கைராசி என்று இன்னும் ஒரு தடவை சொல்லுங்கள் பார்க்கலாம் என்று சாரைப் பார்த்தேன்.

சாரும் என்னைத்தான் பார்த்தார். "ஏம்மா லின்சி, கரைசலை ஒழுங்காக் கலக்குனயா?"

மின்னினால் அவள் கை. வெளுத்தால் என் கரைசல்.

"கலக்குனதெல்லாம் ஒழுங்காத்தான் கலக்குனனுங்க" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"வந்தவங்க முன்னாடி சத்தம் போடாத கண்ணு."

"அந்தம்மணி தப்பா அடிச்சுப்போட்டாங்களோ என்னமோ" என்று சுந்தரராஜுலு சமாதானமாக இழுத்தார்.

இல்லை. அவள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கோணம் அதேதான். தூரம் அதேதான். கரீம் அண்ணன் அடித்த கறுப்பு பெயின்ட் அதேதான். இத்தனை நாள் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளைப் பார்த்தவள் நான். இன்றைக்கு மாறினது ஒன்றே ஒன்று. கேன்.

உள்ளே போய் அமோனியா சேர்க்காத சில்வர் நைட்ரேட் பாட்டிலையும் கண்ணாடி டம்ளர்களையும் எடுத்து வந்தேன். ரேக்குக் கேனிலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றி, இரண்டு சொட்டு விட்டேன். தண்ணீர் கலங்கி வெளுத்தது.

"பிரத்யுஷா, உங்க பழைய கேன்ல அடியில ஏதாச்சும் இருக்கா?"

ஓடிப்போய் எடுத்து வந்தாள். அதில் இரண்டு சொட்டு. அப்படியே தெளிவாக நின்றது.

பிறகு சுந்தரராஜுலுவுக்கு ஊற்றிக் கொடுத்த ஜக்கிலிருந்து ஒரு டம்ளர். சொட்டு விட்டதும் அச்சாக ரேக்குக் கேன் தண்ணீர் மாதிரியே வெளுத்தது.

"ஐயையோ, நான் ரெண்டு டம்ளர் குடிச்சனேங்க!" என்றார் சுந்தரராஜுலு.

"குடிக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. குழாய்த் தண்ணில குளோரின் போட்டுத்தான் அனுப்புவாங்க. அது வெள்ளிக்குத்தான் ஆகாது." திரும்பி சாரைப் பார்த்தேன். "இந்தக் கேனுக்குள்ள குழாய்த் தண்ணி எப்படிங்க வந்துச்சு?"

சார் ஒளிக்கவில்லை. அதில் ஒளிக்க ஏதும் இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை.

"நாந்தான் ஊத்தி வெச்சேன். வெள்ளிக்கிழமை பூசை போடறப்ப கேனு காலியாக் கெடந்தா நல்லாவா இருக்கு? எங்க ஊட்டுல ஒரு குடத்தைக் காலியா வெக்க உடமாட்டாங்க. ரொப்பி, மூடி, பொட்டு வெச்சுப்போட்டுத்தான் சூடமே காட்டுவேன்." என்னைப் பார்த்து, "கண்ட தண்ணியவா ஊத்துனேன்? சிறுவாணியாச்சே!" என்றார்.

கரீம் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் கம்ப்ரஸர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூலையில் கிடந்த மலையைப் பார்த்தேன். என்னுடைய அத்தனை வெளுத்த கைப்பிடிகளும். கேன் மேல் எழுதியிருப்பதை நம்பிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறேன், என்னையும் சேர்த்து. நான் படித்த கெமிஸ்ட்ரியைத் தோற்கடித்தது அவளுடைய கைராசிகூட இல்லை. தூசியைத் தொடக் கூசுகிற விரல். அதை நினைக்க நினைக்கத்தான் இன்னும் எரிந்தது.

கரீம் அண்ணன் வண்டியில் போய்ப் புதுக் கேன் வாங்கி வந்தார். கறுப்பு பெயின்ட் அடித்துக் காய்ந்திருந்த இன்னொரு கிரில் இருந்தது. பிரத்யுஷா கன்னை எடுக்கப் போனாள். நான் முந்திக்கொண்டேன். கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். அவள் விலகி நின்றாள்.

வெள்ளி விழுந்தது. கழுவினேன். காற்று அடித்தேன். கிரிலின் ஒவ்வொரு பட்டியிலும் மேல்கூரையின் டியூப் லைட் நேராக, உடையாமல் தெரிந்தது. சுந்தரராஜுலு கிட்டே குனிந்து தன் மீசையை அதில் பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

"செரிங்க, அனுப்பி வெக்கறேன். இதை யாருங்க பாத்துக்குவாங்க? நான் யாருகிட்டப் பேசறது?"

"நம்ம பிரத்யுஷாதானுங்க" என்றார் சார். டம்ளர்கள் மூன்றும் அவர் முன்னால் மேசையிலேயே இருந்தன. கிரில் என் கையில் இருந்தது. அப்படியிருந்தும் சொன்னார்.

வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் பிரத்யுஷா குறுக்கே வந்தாள்.

"ஐயோ, நான் மாட்டேன் பெரியப்பா. லின்சியே பாத்துக்கட்டும். எனக்கு இந்தத் தின்னர் வாசத்துக்குத் தலை வலிக்குது. நைட்டெல்லாம் தூக்கமே இல்ல."

"அப்படியா அம்மணி? மொதல்லயே சொல்றதில்ல?" சார் உடனே திரும்பினார். "செரி, லின்சியே இருக்கட்டும். லின்சி, பீளமேடு யூனிட்டுக்கு நீதான் இன்சார்ஜ். போதுமா?"

போதுமா. மூலையில் மலை சேர்த்து, டம்ளரில் சொட்டு விட்டுக் காட்டி, கண்ணாடி மாதிரி ஒரு கிரிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றும் எனக்குக் கிடைக்காதது, அவளுக்குத் தலை வலித்ததால் கிடைத்தது.

"சரிங்க சார்" என்றேன். "இனிமே கேனை நீங்க தொடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிரத்யுஷாதான் அதிகம் சிரித்தாள். அவள் சிரிப்பில் கள்ளம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயந்திரம் கார்க் கண்ணாடியை இறக்கி, "லின்சி, காந்திபுரத்துல இறக்கி உடட்டுமா?" என்றாள்.

"வேண்டாங்க. பஸ் இருக்கு."

"கங்கிராட்ஸ்!" என்று கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

காரமடை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அம்மாவுக்குப் போன் போட்டு இன்சார்ஜ் ஆகிவிட்டதைச் சொன்னேன். மில் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு தடவை கத்திச் சொன்னேன். வைத்துவிட்டு ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன்.

எனக்கும் அந்த வாசத்துக்குத் தலை வலிக்கும். சேர்ந்த முதல் நாளிலிருந்தே வலிக்கிறது.