எலியோவின் வெள்ளை பூட்ஸ்

எலியோ காஸ்டெல்லிக்கு மெதுவாகப் பேச வராது. அது அவன் குற்றமில்லை. ஜெரால்டன் துறைமுகத்தில் சிங்கி இறால் பிடிக்கிற எவனுக்கும் வராது. ஒரு பக்கம் எஞ்சின் அலறும், இன்னொரு பக்கம் தெற்குக் காற்று அறையும். நடுவில் நின்றுகொண்டு 'கயிற்றை விடு' என்று பூப்போலச் சொல்லிப் பார்க்கட்டும், யாராவது ஒருவன் கால் கயிற்றோடு கடலுக்குப் போய்விடும். அதனால் எதையும் இரண்டு தடவை, அடிவயிற்றிலிருந்து சொல்லிப் பழகியவன். இருபது வருடமாக அது நன்றாகத்தான் வேலை செய்தது, படகில்.

மகள் ஒட்டாவியாவுக்கு மூன்றரை வயது. எல்லோருக்கும் டாவி. அம்மா மெலினா நர்ஸ். பயிற்சி வகுப்புக்காக இரண்டு வாரம் பெர்த்துக்குப் போக வேண்டியிருந்தது. படகும் எஞ்சின் வேலைக்காகக் கரையேறிக் கிடந்தது.

"நீ தைரியமா போயிட்டு வா. தினம் நூறு இறால் கூண்டு தூக்குறவன் நான், ஒரு மூணடிப் பொண்ணைத் தூக்க மாட்டேனா?" என்று மார்தட்டி அனுப்பிவைத்தான்.

தூக்கத்தான் செய்தான். திங்கட்கிழமை மத்தியானம் மாண்டிசோரி பள்ளி வாசலில் நின்று, "டாவி! ஷூ போடு! டாவி, ஷூ!" என்று குரல் கொடுத்ததில் இருபது பிள்ளைகளும் கையில் இருந்ததோடு அப்படியே நின்றுவிட்டார்கள். டாவி அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அவன் உள்ளே போய், கூண்டைத் தூக்குவதுபோலத் தோளில் போட்டுக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தான். தெரு முழுக்க அழுகை. செவ்வாய்க்கிழமையும் அதே கூத்து. வீட்டில் அவள் பாஸ்தாவைத் தொடவில்லை, அவன் பக்கம் திரும்பவுமில்லை.

அன்று சாயங்காலம் மெலினா போனில் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை எங்கக்கா ரெனாட்டா வர்றா. டாவியை பன்பரியில அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். நான் சொல்லிட்டேன்."

"எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"கத்தாதே. டாவி உன்னைப் பார்த்து பயப்படுறா, எலியோ."

ஆறடி அலை மேலே விழுந்தபோதும் அவன் அப்படி இடிந்துபோய் உட்கார்ந்ததில்லை. பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்பதை எந்தத் தகப்பனால் தாங்க முடியும்?

மறுநாள் டாவியின் ஆசிரியை கெரின் டாய்லிடம் போனான்.

கெரின் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவன் கணக்கில் முட்டை வாங்கியதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால் மரியாதை எதிர்பார்ப்பதற்கில்லை.

"நாளைக்குக் காலையில வந்து அந்த ஓரத்து நாற்காலியில அரை மணி நேரம் உட்காரு. பூட்ஸை வாசல்ல கழட்டு. கூடவே வாயையும் கழட்டி வச்சுட்டு வா."

"பேசவே கூடாதா?"

"பிள்ளைங்க உன்கிட்ட வந்து கேட்டா பதில் சொல்லு. நீயா எதுவும் ஆரம்பிக்காதே. முடியுமா உன்னால?"

"ஏன் முடியாது?"

வியாழக்கிழமை காலை வெள்ளை ரப்பர் பூட்ஸை வாசலில் விட்டுவிட்டு, முழங்கால் காதைத் தொட, அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு பையன் கெரினிடம் ஏதோ கேட்க வந்தான். அவள் வேறொரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். பையன் 'மிஸ் மிஸ்' என்று பாவாடையைப் பிடித்து இழுக்கவில்லை. அவள் தோளில் கை வைத்துவிட்டுச் சும்மா நின்றான். அவள் அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள், பேச்சை முடித்தாள், பிறகு மண்டியிட்டு அவன் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், "சொல்லு" என்றாள். எலியோவுக்குச் சிரிப்பு வந்தது. நம்ம படகில் இப்படி நின்றால் இறால் நம்மைப் பிடித்துவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் டாவி அலமாரியிலிருந்து கண்ணாடிக் குடுவையை எடுத்தாள். நிஜக் கண்ணாடி. உள்ளே தண்ணீர். இரண்டு கையாலும் பிடித்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்தாள். குடுவை கொஞ்சம் சாய்ந்தது.

"டாவி! பாத்து! டாவி, பாத்து!"

அவள் சத்தம் வந்த பக்கம் திடுக்கென்று திரும்ப, குடுவை விழுந்து சில்லுச் சில்லாகப் போயிற்று.

கெரின் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். "கண்ணாடி உடைஞ்சிருக்கு. டாவி, நீ அந்தப் பாய் மேல நின்னுக்கோ. துண்டை எல்லாம் நான் பொறுக்குறேன். அப்புறம் தண்ணியை நீ துடைக்கிறியா?" என்றாள். திட்டும் இல்லை, 'பரவாயில்லை செல்லம்' என்ற கொஞ்சலும் இல்லை. பொறுக்கி முடித்ததும் டாவி துணி எடுத்துத் துடைத்தாள். கண் முழுக்க நீர். தான்தான் உடைத்தோம் என்று நினைத்துவிட்டாள்.

எலியோ கெரினைப் பார்த்தான். அது டாவியின் தப்பில்லை என்று சொல்லாமல், அவள் சில்லுகளைக் கொட்டப் போய்விட்டாள். அவனுக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு யார்மேல் வர வேண்டிய கோபம் என்பது விளங்கியது.

லட்சக்கணக்கில் கூண்டு இழுத்த முழங்கால் கடகடவென்று முனக, டாவிக்கு எதிரே மண்டியிட்டான். படகில் யாரிடமும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான். ஒரே தடவை, மெதுவாக.

"டாவி, நீ சரியாத்தான் பிடிச்சிருந்தே. அப்பா கத்துனதாலதான் விழுந்துச்சு. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ."

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது தடவை சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டான். கூண்டைக் கடலில் இறக்கிவிட்டு எவனாவது அந்த நிமிடமே இழுப்பானா? ஒரு ராத்திரி ஊற விட்டுத்தானே இழுக்கிறோம்! இருபது வருடமாகத் தெரிந்த சங்கதி, கரையில் மட்டும் மறந்துபோயிருக்கிறது. காத்திருந்தான்.

வெகுநேரம் கழித்து டாவி சொன்னாள்: "நீ ரொம்ப சத்தம்."

"ஆமா."

"எனக்குப் பிடிக்கலை."

"எனக்கும்தான்."

அவள் யோசித்தாள். துணியின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். இருவரும் சேர்ந்து துடைத்தார்கள்.

அன்று மத்தியானம், "ஷூ போடுற நேரம், டாவி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். பதினொரு நிமிடம் ஆயிற்று. வலது ஷூ இடது காலில் ஏறியது. அவன் கை தானாக நீண்டது.

"விடு," என்றாள் கெரின் பின்னாலிருந்து. "அவ அதை முழுசா முடிச்சிருக்கா. கடிச்சா கால் சொல்லும், நீ சொல்லாதே."

அன்று டாவி தன் காலால் நடந்து காருக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை ரெனாட்டா வந்துவிட்டாள். ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்த அலுப்பு வேறு. பூட்ஸைக் கழற்றிவிட்டு டாவிக்காக அவன் காத்திருந்த பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு எலியோ, நல்லா பேசினா கேட்டுக்கோ. பிள்ளை வளர்க்கிறது உன் வேலையில்லை. மெலினா ராத்திரியெல்லாம் தூங்கலை. டாவி பெட்டி எங்க?"

"கார்லதான் இருக்கு. ஒரு நிமிஷம், ரெனாட்டா..."

"ஒரு நிமிஷமும் இல்லை. உன்னைக் கண்டாலே அந்தப் பிள்ளை ஓடுதாம்..."

அவன் முழங்கை மேல் ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தான். டாவி, ஷூ போட்டு முடித்தவள், கையை வைத்துவிட்டுச் சும்மா நின்றிருந்தாள். ஓடவில்லை, இழுக்கவுமில்லை. எலியோ தன் சொரசொரப்பான கையை அந்தச் சின்னக் கைமேல் வைத்தான். ரெனாட்டா பேசி முடிக்கும்வரை அப்படியே இருந்தான். அவள் ஏனோ சீக்கிரமே முடித்துவிட்டாள்.

பிறகு மண்டியிட்டான். "சொல்லு."

வாசலில் கிடந்த வெள்ளை பூட்ஸைக் காட்டினாள் டாவி. "அப்பா, நான் உதவி பண்ணட்டுமா?"

நாற்பத்தோரு வயசு மீனவனுக்கு பூட்ஸ் மாட்ட உதவி எதற்கு! "பண்ணு. எனக்கு வேணும்," என்றான். வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ரெனாட்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

"முடிஞ்சுது," என்றாள் டாவி. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

"எலியோ," என்று ரெனாட்டா பின்னாலிருந்து தணிந்த குரலில் கூப்பிட்டாள். "பூட்ஸ் கால் மாறியிருக்கு."

"தெரியும்," என்றான் அவன், அவளைவிட மெதுவாக. "நீங்க சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. டாவி பெட்டி என் கார்லயே இருக்கட்டும்."

பூட்ஸ் இரண்டும் விரலைக் கடித்தன. வீடுவரை கழற்றவில்லை.