தம்பியின் வேனைப் பார்த்த பிறகு

பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சும் டெஸ்க்கும் செய்துதர விலை கேட்டிருந்தார்கள். மரப்பட்டறை வைத்திருந்த அண்ணன்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்து மரம், ஆணி, பாலிஷ், ஆள்கூலி என்று கணக்குப் போட்டு ஒரு தொகைக்கு வந்தார்கள். "இதுக்குக் கீழ போகாதீங்க. போனா ரெண்டு ஆளையும் நிறுத்தித்தான் ஈடுகட்டணும்" என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். கொட்டேஷனில் தொகை எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை எப்போதும் கவரை ஒட்டும்போதுதான் எழுதுவார். எங்கேயாவது கசிந்துவிடுமோ என்ற பயம்.

பள்ளிக்கூட வாசலில் தம்பியின் வேன் நின்றது. அங்கேதான் எல்லாம் கெட்டது.

தம்பிக்காரன் அவரிடமே தொழில் கற்றவன். தனியாகப் போய், இழைக்க ஒன்று அறுக்க ஒன்று என்று மெஷின் போட்டு நன்றாகவே இருந்தான். அதைக்கூட அண்ணன்காரர் ஜீரணித்துவிட்டார். ஒரு விருந்தில் நாலு பேர் நடுவே, "அண்ணன் மாதிரி கையால இழைக்கற பொறுமை நமக்கு இல்லப்பா" என்று அவன் சிரித்தானே, அதுதான் செரிக்கவில்லை. பாராட்டாகக்கூடச் சொல்லியிருப்பான். ரோஷக்காரர்களுக்கு அதெல்லாம் எங்கே புரிகிறது?

வேனைப் பார்த்ததும் அவருக்குக் காதெல்லாம் சூடேறியது. இதிலும் மூக்கை நுழைத்துவிட்டானா! மெஷின் வைத்திருப்பவன் எவ்வளவு குறைப்பான் என்று யோசித்தார். அதற்கும் கீழே போனார். அவன் முகம் சுருங்குவதை நினைத்துப் பார்த்து, ஆசை தீர இன்னும் கொஞ்சம் குறைத்தார். காகிதத்தை மதில்மேல் வைத்துத் தொகையை எழுதிக் கவரை ஒட்டியபோது மனசு குளுகுளுவென்று இருந்தது.

வேலை அவருக்கே கிடைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்ததும், "எங்க தம்பி எவ்வளவு போட்டிருந்தார்?" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பதுபோல் கிளார்க்கம்மாவிடம் கேட்டார்.

"அவரு போடலையே! அன்னைக்குக் கதவு ரிப்பேருக்கு வந்திருந்தாரு. நீங்களும் போடுங்கன்னு நான்தான் சொன்னேன். எங்க அண்ணன் போடறாரு, வேலை சுத்தமா இருக்கும், அவருக்கே குடுங்கன்னுட்டுப் போயிட்டாரு. மத்தவங்க தொகையெல்லாம் எங்கேயோ மேல இருந்துச்சு. நீங்க ஏன் சார் இவ்வளவு கொறைச்சீங்க?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லாத ஆளோடு மல்லுக்கட்டித் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் தொகையைக் கேட்டு மனைவி ஏன் இவ்வளவு குறைத்தீர்கள் என்று பிடித்துக்கொண்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தம்பி போட்டிக்கு நின்னு கொறைச்சான். நான் என்ன செய்யறது?" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன மறுகணமே கூசியது. ஆனாலும் திருப்பி எடுக்கவில்லை.

"கூடப் பொறந்தவனே வயித்துல அடிப்பானா?" அவள் போனை எடுத்துவிட்டாள். அவர் தடுக்கக் கையை நீட்டினார், அவ்வளவுதான். அவள் தம்பியை வாங்கு வாங்கென்று வாங்குவதை, பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி முழுக்கக் கேட்டார். எழுந்து போகக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் போன் அவர் கைக்கு வந்தது. "உங்ககிட்ட பேசணுமாம்."

"அண்ணே, நீ ஒண்ணும் பேசாத, நான் சொல்றத மட்டும் கேளு" என்றான் தம்பி, தணிந்த குரலில். "தப்பு என்னோடதுதான்னு அண்ணிகிட்ட சொல்லிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். நீ ஆளுங்கள நிறுத்திடாத. பாவம், பிள்ளைகுட்டிக்காரங்க. மரத்த இங்க அனுப்பு, அறுத்து இழைச்சுத் தரேன். கூலி மிச்சமாகும்."

"டேய்..." என்றார்.

"வெச்சிடறேண்ணே."

மனைவி இடுப்பில் கைவைத்தபடி எதிரே நின்றாள். "செய்யறதையும் செஞ்சிட்டு உங்ககிட்ட வேற பேசறான். கொஞ்சமாவது வெக்கம் இருக்கா அவனுக்கு?"

அவர் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கொஞ்சங்கூட இல்ல" என்றார்.