இரண்டு தட்டு

லிஃப்ட் கதவு நான்காவது மாடியில் திறந்தால், நேர் எதிரே நான் மல்லாந்து கிடப்பேன். ஆளுயரப் படம். என் வாய் பிளந்திருக்கும். தலைமாட்டில் பலகை மாஸ்டர் இடுப்பில் கைவைத்து நிற்பான். மேலே சிவப்பு எழுத்தில், ‘எல்லாக் கலைகளுக்கும் மேலான கலை’. அந்தக் கட்டிடத்து லிஃப்டை மாதம் ஒரு முறை சோதித்து, எண்ணெய் போட்டு, ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது என் வேலை. மற்ற கதவுகளை மும்முறை பார்ப்பேன். ஏழு வருடமாக நான்காவது மாடிக் கதவை மட்டும் ஒரு தடவையோடு விட்டுவிடுகிறேன்.

மரப்பலகையை ஒரே குத்தில் உடைப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அந்த நான்காவது மாடியில் கராத்தே பள்ளி நடத்துகிறான். நேரில் பேசினால் நீங்க, வாங்க என்பேன், மனசுக்குள் அவன்தான். நான் வேலை நேரம் போக, வாடகைக் கூடம் ஒன்றில் ஜூடோ சொல்லிக்கொடுப்பவன். எந்தக் கலை உசத்தி என்பது டீக்கடையோடு போக வேண்டிய பேச்சு. ஏழு வருடம் முன்பு எங்கள் ஊரில் அதற்குப் பாய் விரித்து, நாற்காலி போட்டு, நடுவர் வைத்து எங்கள் இருவரையும் மோதவிட்டுப் பார்த்தார்கள்.

மூன்றாவது நிமிடத்தில் அவன் கழுத்து என் முழங்கை மடிப்புக்குள் இருந்தது. என் தொடையில் இரண்டு தட்டு தட்டினான். எங்கள் கலையில் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். உடனே விட்டுவிட வேண்டும். இருபது வருடப் பழக்கம், கை தானாக விட்டுவிடும். விட்டேன். எழுப்பிவிடக் கைநீட்டிக் குனிந்தேன். தாடையில் அவன் குத்து விழுந்தது, மல்லாந்தேன். கூட்டமும் நடுவரும் என் முதுகுப் பக்கம் இருந்ததால் அந்தத் தட்டு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

தட்டினானே என்று எல்லாரிடமும் சொன்னேன். தோற்றவன் சொல்கிற கதை என்று அவன் சிரித்தான்; ஊரும் சேர்ந்து சிரித்தது. லிஃப்ட் மேலே போகுது, ரிப்பேர்காரர் கீழேயே கிடக்கார் என்று கம்பெனியில் ஒரு ஜோக் உண்டானது. என்னை நம்பியது என் தங்கை மட்டும்தான். தையல் ஆலையில் துணி வெட்டுபவள், சின்ன வயதிலிருந்து என்னோடு பயிற்சி செய்கிறவள். அண்ணன் பொய் சொன்னால் காது சிவக்கும், இதைச் சொல்லும்போது சிவக்கவில்லை என்றாள்.

எனக்கு அவன் மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை. ‘நான் தட்டினேன்’ என்று அவன் வாயாலேயே நாலு பேர் காதுபடச் சொல்ல வேண்டும். சாப்பிடும்போதும் அதுதான், குளிக்கும்போதும் அதுதான். இந்த வருடம் விளையாட்டுக் கழகத்தார் இன்னொரு முறை மோதச் சம்மதமா என்று கேட்டு வந்தபோது, அவர்கள் பேசி முடிக்கும்முன் சரி என்றேன்.

மூன்று மாதம் இருந்தது. அவன் குத்து எனக்குக் கவலையில்லை, என் கைதான் கவலை. தட்டினால் விட்டுவிடுகிற கை அது. விடாமலிருக்க அதைப் பழக்க வேண்டும். தினமும் காலையில் தங்கையைப் பிடிப்பேன். அவள் தட்டுவாள். நான் ஒன்று எண்ணிவிட்டு விடுவேன். அடுத்த மாதம் இரண்டு. கடைசி மாதம் மூன்று. அவளுக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் எனக்காக வந்தாள். மூணோட விட்டுடணும் என்று மட்டும் தினமும் சொல்லிவைப்பாள்.

போட்டிக்கு ஐந்து நாள் முன்பு அவள் வலது கையை நீட்டிப் பிடித்திருந்தேன். தட்டினாள். எண்ணினேன். மூன்று வந்தபோது என் கண்ணில் அவள் முகம் இல்லை, நான்காவது மாடிப் படம்தான் இருந்தது. பிஞ்சு வெண்டைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவள் கத்தவில்லை. முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் தட்டினேன்” என்றாள்.

ஏழு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த அதே வார்த்தை.

மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கத்தரிக்கோல் தொடக்கூடாது என்றார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டாள்.

“புதுசா யார் சேர்ந்தாலும் மொத நாள் ஒண்ணு சொல்லுவியே அண்ணே. நம்ம கலை ஏன் உசத்தின்னு.”

தட்டினால் விட்டுவிடுவோம், அதனால்தான் உசத்தி என்பேன். வெட்கமாக இருந்தது. ஆனால் போட்டியிலிருந்து விலகவும் இல்லை. வெட்கத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

ஞாயிறு காலை அதே கூடம், அதே நாற்காலிகள். அவனுக்குக் கிருதா நரைத்திருந்தது. முதல் வரிசையில் தங்கை கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டாள். நான்காவது நிமிடத்தில் அவன் குத்தைப் பிடித்து இழுத்துச் சாய்த்தேன். பலகை உடைக்கும் அவன் வலது கையை நீட்டி என் மார்போடு பூட்டிக்கொண்டேன். என் தொடையில் இரண்டு தட்டு, அதே இடத்தில், யாருக்கும் தெரியாத பக்கமாக, பூப்போல. இப்போதும் திட்டத்தோடுதான் வந்திருக்கிறான். உடம்பெல்லாம் எரிந்தது. அவனைப் புரட்டி முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன்.

“இப்ப தட்டுங்க மாஸ்டர். எல்லாரும் பாக்கட்டும்.”

பாயில் படபடவென்று அறைந்தான். இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

“அன்னைக்கும் தட்டினேன்யா. நான்தான் தட்டினேன். விட்டுடு.”

கூடம் முழுவதும் கேட்டது. நடுவர் விசில் ஊதினார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. விட்டுவிடலாம் என்று எனக்குத் தெரியும். கை திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம், அந்தச் சத்தம் கேட்கும்வரை என்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நடுவர் என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பலகை மாஸ்டர் குழந்தைபோல அழுதான். அது எனக்கு இனித்தது.

பக்கத்தில் யாரோ முழங்காலிட்டார்கள். மாவுக்கட்டின் வாசனை வந்தது. தங்கை தன் இடது கையால் என் தோளில் இரண்டு தட்டு தட்டினாள், தினமும் காலையில் தட்டுவதைப் போலவே. பிறகு உள்ளங்கையை எடுக்காமல், அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.