ஜெயசுதாவின் கணினியைத் தொட்டவர்கள்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘ஆயுதபூஜை முடிந்து கடை திறந்த அன்று, அபிஷேகப்பாக்கத்தில் ஜெயசுதா நடத்தும் ஆன்லைன் சென்டரில் நெட் வரவில்லை, பட்டா நகலுக்கு வந்த கூட்டம்...’ வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் கதை சிதறும்.

அவளுடைய அத்தை மகன் கமலக்கண்ணன் வந்து பார்த்தான். வில்லியனூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன்.

“நெட்வொர்க் கார்டு தெரியுது சுதா. ஆனா லினக்ஸு அதுக்கு மெமரில எடம் குடுக்கல. ஆன் பண்ணா மொதல்ல ஓடுற புரோகிராமு, பயாஸு, அதுல செட்டிங் மாறிக் கெடக்குது. யார்னா தொட்டீங்களா?”

சரிசெய்தான். மறுநாள் காலை மீண்டும் அதே கோளாறு. மீண்டும் வந்தான். மூன்றாம் நாளும் வந்தான். காசு வாங்கவில்லை. [காசு வாங்காத மெக்கானிக்கை வாசகர் நம்புவாரா? நான் நம்பவில்லை.]

2

இவனை வில்லனாக்கப் பார்த்தேன். திரும்பி வர ஒரு சாக்கு வேண்டும் என்றே செட்டிங்கை மாற்றிவிட்டுப் போகிறான் என்று... ஆதாரம் இல்லாமல் வாக்கியம் நின்றுவிட்டது. அதனால் ஜெயசுதாவின் கணவனை உள்ளே கொண்டுவந்தேன். அவனுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

“தெனம் நீ வர்றதுக்குன்னே இது கெட்டுப்போவுதா, இன்னாபா?” என்றான், கடையில் நாலு பேர் இருக்கும்போது.

கமலக்கண்ணன் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டான். “இனிமே வரல சுதா.”

3

கணவன் என்று எழுதியதை அடித்துவிடுகிறேன். அது நான்தான்.

கமலக்கண்ணன் போனபின் கணினியின் கேபினெட்டைத் திறந்தேன். பூஜைக்குத் துடைத்தபோது மதர்போர்டின் வட்ட பேட்டரியைக் கழற்றி, தையல் மெஷினுக்கும் அரிவாள்மனைக்கும் வைத்ததுபோல அதற்கும் சந்தனம் வைத்து மாட்டியவன் நான். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பேட்டரி சரியாகத் தொடாததால், மெயின் சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் கணினி பயாஸ் செட்டிங்கை மறந்திருக்கிறது. சுரண்டித் துடைத்தேன். அவன் மாற்றியதைப் பார்த்திருந்ததால் செட்டிங்கையும் மாற்றினேன். நெட் வந்தது. மறுநாளும் வந்தது.

ஜெயசுதா திரையைப் பார்த்தாள். “அவரு வராத அன்னிக்கு நல்லாயிடுச்சே. நீங்க சொன்னது சரிதாங்க போல.”

நான் (இங்கே மூன்று வாக்கியங்கள் எழுதி அழித்தேன்) சாப்பிடப் போனேன்.

4

முடிவு ஒன்று: நாலு பேர் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிப் பார்த்தேன், என்னைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். முடிவு இரண்டு: அவனே உண்மையைக் கண்டுபிடிக்கிறான். அவன்தான் இனி வரமாட்டானே. வெட்கமாக இருக்கிறது.

இதை அவளுடைய கடைக் கணினியில்தான் தட்டச்சு செய்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் வருவாள். இந்த ஃபைலை மூடாமல் எழுந்திருக்கிறேன்.

சுதா, இதுவரை படித்துவிட்டாய் என்றால் மீதி உன்னுடையது. முதலில் கமலக்கண்ணனுக்குப் போன் செய்வாயா, என்னைக் கூப்பிடுவாயா, எனக்குத் தெரியாது.